படத்தில் இல்லாத கார்

சுவரில் எல்லாம் இருந்தது. குடியிருப்புச் சங்கச் செயலாளரின் கார் மட்டும் இல்லை.

குடியிருப்பின் முன்சுவர் ஈரம் படிந்து அசிங்கமாக இருக்கிறதே என்று பெயிண்டரை வரவழைத்தது அவர்தான். "ஏதாவது பச்சையா வரைஞ்சு விடுங்க" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் போனார். மாலையில் வந்து பார்த்தால், இந்தக் குடியிருப்பு நாளைக்கு எப்படி இருக்கும் என்று பெயிண்டர் வரைந்து தள்ளியிருந்தார். மாடியில் சூரியத் தகடுகள், மூலையில் மழைநீர்த் தொட்டி, முற்றம் முழுக்கக் காய்கறிப் பாத்தி. கார் நின்ற இடத்தில் கத்தரிச்செடி.

கார் ஓடிப் பல வருஷம் ஆயிற்று என்பது வேறு விஷயம். தவணை கட்டி வாங்கிய முதல் கார். தினமும் காலையில் அதற்குள் உட்கார்ந்து பேப்பர் படித்தால்தான் அவருக்குப் பொழுது விடியும்.

"என் கார் எங்கடீ?" என்றார் மனைவியிடம்.

"படம்தானேங்க, விடுங்க."

மற்றவர்கள் விடவில்லை. சங்க அறிவிப்புகளை எழுதும் அந்தச் சுவரில் ஏறியதெல்லாம் தீர்மானம், மறுபேச்சுக் கூடாது என்று சட்டம் போட்டவரே அவர்தான். மறுநாள் காலையில் கீழ்வீட்டுத் தையல்காரம்மா மண்வெட்டியோடு காரருகே நின்றார்.

"என்னம்மா இது?"

"நீங்க சொன்னதுதான் சார். கத்தரி எனக்கு, தக்காளி மாடி வீட்டுக்கு. பிரிச்சுக்கிட்டோம்."

"நான் எப்ப சொன்னேன்?"

"சுவத்துல போட்டிருக்கே!"

பக்கத்து வீட்டு பஸ் டிரைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "சொந்தக் கார் இடத்தையே விட்டுக்குடுத்துட்டீங்களே! யாருக்கு சார் இந்த மனசு வரும்?"

இதற்கு மேல் 'நான் விட்டுக்கொடுக்கவில்லை' என்று எப்படிச் சொல்வது? செயலாளர் பெயிண்டரிடம் ஓடினார். "படத்துல என் காரையும் சேர்த்துடுங்கப்பா!"

பெயிண்டர் சேர்த்தார். ஆனால் கத்தரிச்செடியை அழிக்க மனசு வரவில்லை. அது காரின் முன்பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தது. கூரை மேல் ஒரு பூசணிக்கொடியும் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை செயலாளர் தூங்கி எழுவதற்குள் டிரைவர் எஞ்சினைக் கழற்றி, மண் நிரப்பி, நாற்றும் நட்டுவிட்டார். "கார் அங்கேயேதான் நிக்குது சார். படத்துல உள்ளபடியே!"

ஆத்திரத்தில் செயலாளர் சுவரிலேயே எழுதினார்: 'செயலாளரைத் தவிர யாரும் காரைத் தொடக்கூடாது.'

யாரும் தொடவில்லை. தீர்மானமாயிற்றே! நாற்று வாடியது.

"பாவம் சார், தண்ணி ஊத்துங்க" என்று ஜன்னலுக்கு ஜன்னல் குரல் வந்தது. முணுமுணுத்துக்கொண்டே ஊற்றினார். அப்புறம் முணுமுணுக்காமல் ஊற்றினார். முதல் பூ பூத்த அன்று பேப்பரையே மறந்துவிட்டார். அதற்குள் மாடியில் நிஜமாகவே தகடுகள் ஏறியிருந்தன. தொட்டியில் மழைத்தண்ணீர் நின்றது. எதிரும் புதிருமாக இருந்த வீடுகள் தக்காளியைக் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தன. செயலாளருக்கு இத்தனை சந்தோஷம் அந்தக் கார் ஓடிய காலத்தில்கூட இருந்ததில்லை.

செயலாளர் முதல் பூசணிக்காயைக் காரின் முன்சீட்டில் உட்கார வைத்து, பெயிண்டரைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் அவர் கையில் கொடுத்தார். "எல்லாம் உங்க கற்பனைப்பா!"

பெயிண்டர் கூச்சத்தோடு செயலாளரின் மனைவி பக்கம் திரும்பினார்.

"அக்கா, நீங்க சொன்ன மாதிரியே காருக்கு ஒரு வழி பண்ணியாச்சு. ஹால்ல கிடக்கிற அந்தப் பழைய சோபாவுக்கு எப்ப வரட்டும்?"