ஒரே அமத்தலில் அமரர்கள்

கனடா முருகேசரை இணையத்தளத்தில் அமரராக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் நாரந்தனைக் கோயில் தளத்தின் நூற்றுக்கணக்கான பக்கங்களில் கிணறு, மணி, மின்குமிழ் என்று ஏதோவொரு உபயத்தோடு அந்த மனுசன் குந்தியிருந்தார்.

"செய்தி சரிதானே ஐயா?" என்று தயாபரன் கேட்டான்.

"குறிகட்டுவான் பஸ்ஸில ஒருத்தர் சொன்னவர்" என்றார் கோயில் தலைவர் அம்பலவாணர்.

"ஒருக்கா எடுத்துக் கேப்பமே?"

"செத்தவீட்டுக்கு ரெலிபோன் எடுத்து, செத்திட்டியளோ எண்டு கேக்கிறதோ? ஒழுங்கா மாத்தும். அந்தக் கையோட கோசலான்ர சாதகத்தைத் தாறன்."

கோசலா அவருடைய மகள். அந்தச் சாதகத்துக்காகத்தான் தயாபரன் ஒரு வருசமாக அவர் வீட்டு விறாந்தையில், சம்பளமில்லாமல், கோயில் கொம்பியூட்டரைக் கட்டி மாரடித்துக்கொண்டிருந்தான்.

எல்லாப் பக்கங்களிலும் ஒரேயடியாகத் தேடி மாற்றும் மென்பொருள் ஒன்றை இணையத்தில் தேடினான். முதலாவது காசு கேட்டது. இரண்டாவது ஜேர்மன் பாசையில் கதைத்தது. மூன்றாவதில் ஒரே ஒரு பொத்தான்: எல்லாவற்றையும் மாற்று.

சிக்கல் பெயரில் இருந்தது. ஒரு பக்கத்தில் முருகேசு, இன்னொன்றில் முருகேசர், வேறொன்றில் க. மு. கனடா. எல்லாவற்றுக்கும் பொதுவாக முன்னால் நின்றது "திரு." மட்டுமே. தயாபரன் புள்ளியையும் சேர்த்தே தேடக் கொடுத்து, அதற்குப் பதிலாக "அமரர்" என்று போட்டான். திருவிழாவும் திருநீறும் தப்பின. தன் புத்தியை நினைக்க அவனுக்கே புல்லரித்தது. பொத்தானை அமத்தினான்.

ரெலிபோன் வயரிலேயே ஓடிய இன்ரநெற்றைத் துண்டித்த கையோடு ரெலிபோன் அலறியது. அம்பலவாணர் எடுத்தார்.

"ஓம்... நான்தான்... இல்லை மச்சான், அழாதை, உயிரோடதான் இருக்கிறன்..."

வைத்துவிட்டுத் திரும்பினார்.

"தலைவர் அமரர், செயலாளர் அமரர், பொருளாளர் அமரர். வாற மாசம் கொடியேத்திறது ஆர், ஆவியளோ?"

"பழசை ஒரு பிரதி எடுத்து வைக்கேல்லையோ?" என்றாள் கதவுக்குப் பின்னால் நின்ற கோசலா.

"வச்சனான். அதுவும் தளத்துக்குள்ளதான் கிடந்தது. அதையும் மாத்திப்போட்டுது."

"சாதகம் அலுமாரிக்குள்ளயே கிடக்கும்" என்றார் அம்பலவாணர்.

தயாபரனுக்கு வேர்த்தது. அமரர்களை எல்லாம் திருப்பித் "திரு."வாக மாற்றினான். துண்டித்தான். மறுபடியும் ரெலிபோன்.

இந்த முறை வேலணையிலிருந்து அம்பலவாணரின் தம்பி. "அண்ணை, அப்பா உயிரோட இருக்கிறார் எண்டு கிடக்கு. அப்ப நீ காணி பிரிச்சது செல்லாதுதானே?"

அம்பலவாணர் கதிரையில் பொத்தென்று விழுந்தார். உண்மையாகவே செத்தவர்கள் எல்லாரும் எழும்பியிருந்தார்கள். அவருடைய தகப்பனார் அன்னதானப் பக்கத்தில், மாலையோடு, நலமாக இருந்தார்.

பிறகு தயாபரன் மென்பொருளை அழித்துவிட்டு, பக்கம் பக்கமாகக் கையால் திருத்தினான். பக்கத்தில் கோசலா கதிரை போட்டு இருந்து சொல்லிக்கொடுத்தாள்.

"இவர் செத்தவர். இவர் இருக்கிறார். இவர்... போன கிழமை இருந்தவர்."

"முருகேசர்?"

"செத்தவர். அவரை வடிவாப் போடுங்கோ."

வடிவாகப் போட்டான். கறுப்புக் கரை கட்டி, ஒரு குத்துவிளக்குப் படமும் வைத்தான். பொழுதுபடும்போது இருப்பவர்கள் இருந்தார்கள், போனவர்கள் போயிருந்தார்கள். தகப்பனார் திரும்பவும் காலமானதைக் கண்ட பிறகுதான் அம்பலவாணருக்கு மூச்சு வந்தது. அலுமாரியைத் திறந்து, சாதகத்தை எடுத்துத் தயாபரனின் கையில் வைத்தார்.

ரெலிபோன் அடித்தது. சாதகத்தை விடாமல் தயாபரனே எடுத்தான்.

"தம்பி, கனடாவில இருந்து முருகேசு கதைக்கிறன். முதல் எல்லாரையும் சாக்காட்டினீர், ஊரோட ஒத்தது எண்டு பேசாமல் இருந்தனான். பிறகு எல்லாரையும் எழுப்பினீர், சந்தோசம். இப்ப என்னை மட்டும் என்னத்துக்குத் தனியாச் சாக்காட்டினனீர்?"