தனியாகக் கேட்க வேண்டிய கேள்விகள்

தடாலென்று அவசரப் பிரிவின் கதவு திறந்து சுவரில் மோதியது. மேஜை மேலிருந்த எனாமல் தட்டு கீழே விழுந்து, உருண்டு, டாக்டர் சாரதாவின் காலடியில் வந்து அடங்கியது.

வாசலில் ஒரு பெரியவர் நின்றார். வலது மணிக்கட்டு பூசணிப்பிஞ்சு போல வீங்கியிருந்தது. அவருக்குச் சற்றுத் தள்ளி, கம்பெனிக் காக்கிச் சட்டையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆள்.

"எங்கப்பாங்க. தணிகாசலம். வல்லக்கோட்டைலேர்ந்து வரோம். பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டாரு" என்றான் அவன், யாரும் கேட்காமலே. பெயர் பரசுராமன். மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர்.

சாரதா நிமிர்ந்து உட்கார்ந்தாள். போன வாரம்தான் சென்னையில் ஒரு வகுப்புக்குப் போய் வந்திருந்தாள். வயதானவர்களை வீட்டிலேயே அடிக்கிறார்கள். கட்டுப் போட்டு அனுப்பினால் மட்டும் போதாது, தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். அடையாளங்களும் சொல்லியிருந்தார். கூட வருகிறவன் முந்திக்கொண்டு பேசுவான். நிலைகொள்ள மாட்டான்.

"உட்காருங்க" என்றாள் பரசுராமனிடம்.

"பரவால்லீங்க. நிக்கறதே சௌகரியமா கீது."

ஏப்ரல் வெயிலில் முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பொத்தான். மறைக்க ஏதோ வைத்திருப்பவன் என்று சாரதா மனதில் குறித்துக்கொண்டாள்.

"நீங்க வெளியில இருங்க. நான் பெரியவர்கிட்ட தனியா பேசணும்."

"தனியாவா?" அவன் முகம் வெளுத்தது. "வேணாங்க டாக்டரம்மா. நான் கூட இருந்தாதான் நல்லது."

"யாருக்கு நல்லது?"

ஆயா பாஞ்சாலி அவன் தோளைப் பிடித்து வெளியே தள்ளினாள். "அய்யோ!" என்று அலறினான்.

"தொட்டதுக்கே இன்னாமா நடிக்கிறான் பாரு" என்றபடி பாஞ்சாலி கதவைச் சாத்தினாள்.

சாரதா நாற்காலியை நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். "பெரியவரே, நிஜமா பாத்ரூம்லதான் விழுந்தீங்களா?"

"எங்க வூட்ல பாத்ரூமே கெடயாதும்மா."

"பின்ன எப்படி வீங்கிச்சு?"

"எல்லாம் இவனாலதான். நின்ன எடத்துலயே நின்னிருந்தான்னா எனக்கு இந்தக் கெதி வந்திருக்காது. சட்டுனு வெலகிட்டான். கை போயி கதவு நெலைல மோதிக்கிச்சு."

விழப்போன தகப்பனைத் தாங்கிப் பிடிக்காமல் விலகியிருக்கிறான்! சாரதா பல்லைக் கடித்தாள்.

"வேளாவேளைக்கு சாப்பாடு போடறாங்களா?"

"அத்த கொற சொல்ல முடியாது. ஆனா தட்ட எட்டத்துலயே வெச்சிட்டு ஓடிடுவா மருமவ. பக்கத்துல ஒக்காந்து பேச நாதி இல்ல."

"வெளியில எங்கயாவது போவீங்களா?"

"எங்கம்மா வுடறாங்க? வெளிப்பக்கம் பூட்டிடறாங்க. ஃபேக்டரி கணக்கா ஷிப்ட் போட்டு காவல் காக்கறாங்க. பகல்ல மருமவ, சாயங்காலம் இவன். இவனுக்கு ஓ.டி. வந்துட்டா பக்கத்து வூட்டுக்காரன்."

பாஞ்சாலி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாத்தையும் பொறுத்துக்கலாம்மா." பெரியவர் இடது கையை வெறுமனே விரித்துக் காட்டினார். "என் கைத்தடிய புடுங்கி பரண் மேல போட்டுட்டாங்க. பொங்கலுக்கு புடுங்கினது. தடி இல்லாம நானெல்லாம் ஒரு மனுஷனாம்மா?"

சாரதாவால் தாங்க முடியவில்லை. "பாஞ்சாலி, இங்க ஏதாவது கைத்தடி இருக்கா?"

வார்டில் யாரோ மறந்துவிட்டுப் போன தடி ஒன்று இருந்தது. கனமானது, அடியில் பித்தளைப் பூண். பெரியவர் அதை இடது கையால் வாங்கினார். எடை பார்த்தார். காற்றில் ஒரு வீசு வீசினார். விஷ்ஷென்றது. இருண்டு கிடந்த முகத்தில் ரத்தம் ஓடியது.

"வலது கைலதானே அடி. இடது கைல பிடிக்க முடியுதா?"

"ரெண்டும் பழக்கந்தாம்மா" என்றார் அடக்கமாக.

கதவு மறுபடி தடாலென்று திறந்தது. பரசுராமன்தான். "டாக்டரம்மா! தடி மட்டும் வேணாங்க! கால்ல வுழறேன்!"

"பெத்த அப்பா கையில ஒரு கைத்தடி இருக்கறதுகூட பொறுக்கலியா?"

பெரியவர் தோள் துண்டைச் சரிசெய்யக் கையைத் தூக்கினார். பரசுராமன் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு குந்தினான். குற்றமுள்ள நெஞ்சு இப்படித்தான் நடுங்கும் என்று சாரதாவுக்குத் தோன்றியது.

"போலீசுக்கு போன் பண்ணப் போறேன்."

"ஐயோ, வேணாங்க! நாளைக்கு எனக்கு ப்ரொமோஷன் ஆர்டர். கேசுன்னா கம்பெனில தொரத்திடுவாங்க. புள்ளைங்கோ படிக்கிதுங்கோ..."

"அப்ப உண்மைய சொல்லுங்க. அப்புறம் யோசிக்கறேன்."

பரசுராமன் வாயைத் திறந்தான். பெரியவர் பூணைத் தரையில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார். டொக்.

"நான்தாங்க" என்றான் பரசுராமன் உடனே. "எல்லாத் தப்பும் நான்தாங்க பண்ணேன்."

"கேட்டியா பாஞ்சாலி? அவன் வாயாலயே சொல்லிட்டான்!"

சாரதா சூப்பரின்டென்டென்ட் அறைக்குப் போய் ஸ்டேஷனுக்கு போன் செய்துவிட்டு வந்தாள். அதற்குள் பரசுராமன் தப்பி ஓடியிருப்பான் என்று நினைத்தாள். அவன் ஓடவில்லை. மருந்து அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கி நின்றிருந்தான்.

"டாக்டரம்மா, லாக்கப்புல கதவு கெட்டியா இருக்குங்களா?" என்று மட்டும் கேட்டான்.

"ஏன், உடைச்சிட்டு வெளிய வரலாம்னு பார்க்கறியா?"

"இல்லீங்க. வெளியிலேர்ந்து யாராவது உள்ள வர முடியுமான்னு."

வல்லக்கோட்டைப் பக்கம் பீட் பார்க்கும் ஏட்டு சின்னப்பையன் சைக்கிளைச் சாத்திவிட்டு, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து வந்தார். சாரதா வாசலிலேயே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். பூட்டு, காவல், ஒதுக்கி வைத்த தட்டு, பறித்த கைத்தடி, குற்றத்தை ஒப்புக்கொண்ட மகன்.

"பெத்த தகப்பனையா? வுடுவனா நானு!" ஏட்டு மீசையை முறுக்கிக்கொண்டு உள்ளே ஒரு கால் வைத்தார்.

கட்டிலில் அமர்ந்திருந்த தணிகாசலம், "வா சின்னப்பையா, காலு தேவலையா?" என்று அன்பாக விசாரித்தார்.

ஏட்டு வைத்த காலை அப்படியே பின்னால் எடுத்தார். தொப்பியை இரண்டு கையாலும் தலையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டரம்மா, கேசு கெடக்கட்டும். பொங்கலப்ப ஊரே ஒண்ணு கூடித்தான் அவர்கிட்டேர்ந்து தடிய புடுங்கினோம். மறுபடியும் இவரு கைல தடிய குட்த்தது யாரு?"