சிக்னலில் அணையும் காரைப் பற்றி மாப்பிள்ளைக்கு

கடலில் எங்கோ மிதந்துகொண்டிருக்கும் மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் மாமியாரும் நலம். உங்கள் மனைவி எங்களைவிட நலம். உங்கள் காரைப் பற்றித்தான் அப்படி ஒரே வரியில் சொல்ல முடியவில்லை.

கப்பலேறும்போது, "மாமா, பழைய வண்டிதான், ஆனா பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போக இது போதும்" என்று சாவியைக் கொடுத்தீர்கள். போதும்தான், வழியில் எங்கும் நிற்காமல் போக முடிந்தால். சிக்னலில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் விக்கி, இருமி, அணைந்துவிடுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் எத்தனை சிக்னல் என்று எண்ணிப் பார்த்தேன். மெக்கானிக்கிடம் ஓடினேன். "ஐட்லிங் கம்மியா இருக்கு சார். கார்புரேட்டர்ல இந்த ஸ்க்ரூவை லேசா திருகுங்க, சும்மா நிக்கும்போதும் எஞ்சின் அணையாது" என்றார். அவர் லேசாக என்றதை, நான் என் பயத்தின் அளவுக்குத் திருகிவிட்டேன் போலிருக்கிறது. மறுநாள் கிளட்சை விட்டதுதான் தாமதம், வண்டி ஒரே தாவலாகத் தாவி, பக்கத்து வீட்டுக்காரரின் பூந்தொட்டி மேல் ஏறி நின்றது. "தொட்டி போகட்டும் சார், அங்க நான் நின்னிருந்தா?" என்று கேட்டார். ஸ்க்ரூவைத் தளர்த்தினால் அணைகிறது, இறுக்கினால் அலறுகிறது. நானும் விடாமல் திருகிக்கொண்டே இருக்க, உங்கள் மாமியார் வந்து, "ரேடியோவுல ஸ்டேஷன் பிடிக்கிற மாதிரி திருகிக்கிட்டே இருங்க. வலி வந்தா அவளை யாரு கூட்டிட்டுப் போறது?" என்றாள்.

கடைசியில் உங்கள் மனைவியே இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து பானெட் பக்கம் நின்றாள். "அப்பா, கொஞ்சம் புலம்பாம இருங்க. எங்கேயோ புஸ்ஸுனு காத்து இழுக்குது." ஒரு ரப்பர் குழாயை விரலால் அழுத்தினாள். உதறிக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று சீரானது. குழாயில் நீளமாக ஒரு வெடிப்பு! "பாவம், அந்த ஸ்க்ரூவைப் போய் இந்தப் பாடு படுத்தினீங்களே" என்று சிரித்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவ்வளவு பயந்துபோயிருந்தேன் மாப்பிள்ளை. புதுக் குழாய் மாட்டி, ஸ்க்ரூவையும் பழைய அளவுக்கே திருப்பியாயிற்று. இப்போது வண்டி நிற்பதும் தெரியவில்லை, ஓடுவதும் தெரியவில்லை.

ஆகவே நீங்கள் கவலைப்பட வேண்டாம். வலி வந்ததும் நானே ஓட்டிப்போவேன், யார் தயவும் தேவையில்லை. உங்கள் கடல் அலையடிக்காமல் இருக்கட்டும், நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும்.

ஆசிகளுடன்,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் வலி வந்துவிட்டது. அவளைப் பின்சீட்டில் ஏற்றிச் சாவியைத் திருகினேன். சத்தமே இல்லை. ஐயோ, ஸ்டார்ட் ஆகவில்லையே என்று மறுபடி திருகினேன். கரகரவென்று ஸ்டார்ட்டரின் பல் நொறுங்கும் சத்தம். "அப்பா, வண்டி ஓடிக்கிட்டுதானே இருந்துச்சு!" என்று அந்த வலியிலும் கத்தினாள். பதற்றத்தில் கிளட்சை விட்டேன், எஞ்சினும் நின்றது. ஸ்டார்ட்டர் போனபிறகு அது எங்கே மறுபடி கிளம்பும்? எதிரே வந்த பால் வேனைக் கையைக் காட்டி நிறுத்தி, பால் கேன்களுக்கு நடுவே உட்கார்ந்து போனோம். மேலே எழுதியதில் "கவலைப்பட வேண்டாம்" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடவும். அடடா, முக்கியமானதைச் சொல்லவில்லையே: பெண் குழந்தை. தாயும் மகளும் சுகம்.