க்ளவ் பாக்ஸ் மூடியை அடக்கிய படலம்

வாழ்க அந்த வலச்செவி! வாழ்க அதற்குச் சற்றும் சளைக்காத இடச்செவி! ஊரார் காதுகளிலெல்லாம் கருவி பூட்டி, "சத்தம் கேட்டதும் கையைத் தூக்குங்க" என்று ஆணையிட்டே தலை நரைத்தவனும், அடுத்த அறையில் ஈ சிறகசைத்தாலும் அறிந்து அதற்கும் ஒரு குறை சொல்ல வல்லவனும், பழைய வெள்ளைக் காரொன்றின் தனிப்பெருந்தலைவனும், வீட்டாரால் சுருக்கமாகக் 'காது' என்றே அழைக்கப்பட்டவனுமாகிய செவித்திறன் பரிசோதகன், தன் வாகனத்தின் வயிற்றில் ஒளிந்திருந்த கிடகிட என்னும் அரக்கனோடு பொருத பெரும்போரை இங்கே விரிக்கப் புகுகிறோம். இளகிய நெஞ்சினர் இப்போதே எழுந்து போய்விடலாம்.

அரக்கன் முதன்முதல் குரல் காட்டியது, நம் தலைவனின் மகள் கருவுற்றிருந்த காலத்தில். அவள் வண்டி ஓட்டலாகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், காலையில் அலுவலகத்துக்கும் மாலையில் வீட்டுக்குமாகத் தந்தையே சாரதியானான். மேடு வந்தால் கிடகிட. பள்ளம் வந்தால் கிடகிட. அவன் பாட்டை நிறுத்துவான், கண்ணாடியை ஏற்றுவான், கையை உயர்த்தி உலகத்தையே வாய்மூடச் செய்வான். மகளோ முன்னிருக்கையில் வயிற்றின்மேல் கைவைத்தபடி அந்தச் சத்தத்திலேயே தூங்கிப்போவாள். பகைவனின் எதிரில் உறங்கும் அவளது பெருந்தன்மையை அவனால் மன்னிக்கவே முடிந்ததில்லை.

அங்ஙனம் நாட்கள் கழிய, பேத்தி பிறந்தாள். மறுநாள் அவளை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்துவர வேண்டும் என்றானபோது, அவன் சாப்பாட்டு மேசையருகே எழுந்து நின்று, கையில் ஸ்க்ரூடிரைவர் மின்ன, சூளுரைத்தான்: "என் பேத்தி இந்த வண்டியில ஏறும்போது ஒரு சத்தம் இருக்கக்கூடாது. வீடு வர்ற வரைக்கும் அவ அசையாம தூங்கணும்."

"அதுக்கு வண்டிய எதுக்குங்க பிரிக்கணும்? நீங்க பேசாம ஓட்டினாலே போதும்," என்றாள் மனைவி. இவ்வுரை வீரனின் செவியில் ஏறவில்லை. எவ்வளவு கூரிய செவிக்கும் கேளாத ஓசைகள் சில உண்டு.

விடிந்ததும் போர் மூண்டது. கதவுகளின் உள்ளட்டைகள் உரிக்கப்பட்டன. கிளிப்புகள் பட்பட்டென்று உயிர்நீத்தன. ஃபெல்ட் டேப் என்னும் கருங்கம்பளிப் பட்டை காயத்துக்குக் கட்டுப்போடுவது போல மூலைமுடுக்கெல்லாம் ஒட்டப்பட்டது. டேஷ்போர்டின் ஆழத்தில் உருண்டுகொண்டிருந்த ஒரு பேனா டார்ச் சிறைபிடிக்கப்பட்டது. அது சென்ற முறை சத்தம் தேடியபோது அவனே உள்ளே தவறவிட்டது என்னும் உண்மையை வரலாறு மறைத்தாலும் மனைவி மறைக்கவில்லை.

அதன்பின் படை அணிவகுத்தது. மனைவி பின்னிருக்கையில் அமர்ந்து அட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையால் அழுத்தி வர வேண்டும். அவளுடைய தம்பி, ஞாயிற்றுக்கிழமை தூக்கத்திலிருந்து எழுப்பி இழுத்துவரப்பட்ட பாவப்பட்ட மனிதன், டிக்கிக்குள் சுருண்டு படுத்துக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். பரிசோதனை அறையின் சட்டமே வண்டிக்கும் சட்டமாயிற்று: யாரும் பேசலாகாது, சத்தம் கேட்டால் கையை மட்டும் தூக்க வேண்டும்.

தெருக்கோடி வேகத்தடையின் மேல் வெள்ளைத்தேர் ஏறியது, இறங்கியது, திரும்பி வந்து மீண்டும் ஏறியது. கிடகிடவோடு இப்போது டொக் என்றொரு புதிய முழக்கமும் சேர்ந்துகொண்டது. அரக்கனுக்குத் தம்பி பிறந்துவிட்டான் என்று நடுங்கிய வீரன், பின்பக்க அட்டைகளை முழுதும் கழற்றினான், மாட்டினான், டேப் ஒட்டினான், மறுபடி ஓட்டினான். டொக் ஓயவில்லை. தெருமுனைத் தையல்காரர் தைப்பதை விட்டுவிட்டு வாசலுக்கே வந்து நின்றார். வெயில் உச்சிக்கு வந்தபோது டிக்கி திறக்கப்பட்டது. உள்ளேயிருந்து வியர்வையில் குளித்த ஒரு குரல் எழுந்தது:

"மாமா, ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்கிக்கிட்டுத்தான் இருக்கேன். தூக்கறப்பல்லாம் கை டொக்குனு மூடியில இடிக்குது."

அந்தக் கை யார் கண்ணுக்கும் தெரியாது என்பதை, ஊருக்கே காது பார்க்கும் அறிஞன் அப்போதுதான் உணர்ந்தான். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின.

விடுதலை பெற்ற மைத்துனன் கைகால் நீட்டிக்கொள்ள முன்னிருக்கையில் வந்து அமர்ந்து, முழங்காலை நீட்ட இடமின்றி, எதிரேயிருந்த சாமான் பெட்டியான க்ளவ் பாக்ஸின் மூடியில் முட்டுக்கொடுத்தான். வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கியது. நிசப்தம். முழங்காலை எடுத்தான், கிடகிட. வைத்தான், நிசப்தம். அரக்கனின் உயிர்நிலை அந்த மூடியின் ஓரத்தில் இருந்தது! விரல் நீள டேப் ஒன்று அங்கே ஒட்டப்பட, கார் கல்லானது.

என்னே அந்த மாலைப் பவனி! தேர் நழுவிச் செல்ல, பின்னிருக்கையில் மகளும் அவள் மடியில் துணிச்சுருளுக்குள் பேத்தியும் பக்கத்தில் பாட்டியும் வீற்றிருக்க, வீரன் கண்ணாடியில் அவர்களைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தான். முதல் திருப்பத்தில் பேத்தி கண்விழித்தாள். இரண்டாவதில் அழத் தொடங்கினாள். பால் கொடுத்தும் தட்டிக் கொடுத்தும் தோளில் போட்டும் பயனில்லை. அந்தச் சின்னஞ்சிறு தொண்டையிலிருந்து எழுந்த ஓசையின் முன் பழைய கிடகிட வெறும் தாலாட்டு. கதறக் கதறக் குழந்தை சிவந்தது. தான் செய்த எதிலோ பிழை என்று மட்டும் அவனுக்குப் புரிந்தது.

"என்னப்பா, வண்டியில சத்தமே காணோம்?" என்றாள் மகள்.

அவன் தன் வெற்றியை அறிவித்தான்.

"போங்கப்பா. வயித்துல இருந்தப்பல்லாம் இவ அந்தச் சத்தத்துலதான் வந்தா போனா. திடீர்னு நிறுத்திட்டா பயப்படாம என்ன செய்வா?"

அப்போது, அரக்கர்களை அடக்கியவனும், டிக்கியில் மைத்துனனைச் சிறைவைத்தவனும், பார்புகழும் இரு செவிகளின் அதிபதியுமாகிய அப்பெருவீரன், தேரைச் சாலையோரம் நிறுத்தி, தலைகுனிந்து, அந்த க்ளவ் பாக்ஸ் மூடியைத் திறந்தான்.

டேப்பைப் பிய்த்துப் போட்டதும் அடுத்த வேகத்தடையில் வண்டி கிடகிடத்தது, குழந்தை தூங்கிவிட்டது.