நிற்காத மாப்பிள்ளை கார்

இயந்திரப் பித்து உள்ளவன் கல்யாணம் நிச்சயமான பிறகு ஸ்பேனரைத் தொடக் கூடாது. இதைச் சட்டமாகவே போடலாம். என் காலத்தில் அப்படி ஒரு சட்டம் இல்லாததால், கல்யாணத்துக்கு முந்தின வாரம் நான் எங்கள் காரின் எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதல் மகாயுத்தம் தொடங்காத காலம். திருநெல்வேலியில் கார் வந்தால் மாடு மிரளும், கூட்டம் கூடும். சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து அப்பா ஒற்றைச் சிலிண்டர் கார் ஒன்றை வாங்கியிருந்தார். ஓட்டினால் ஓடும், மெதுவாக ஓட்டினால் நின்றுவிடும். நின்றால் முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். (சுற்றியவன் தோளுக்குத் தைலம் தேய்க்க இன்னொருவன் வேண்டும்.)

பெண்ணுக்கு ஊர் ஆழ்வார்குறிச்சி. பெயர் கோமதி. பாளையங்கோட்டையில் உபாத்தியாயினிப் பயிற்சி முடித்தவள். மாப்பிள்ளை அழைப்புக்குப் பல்லக்கு ஏற்பாடு செய்திருந்த மாமனாரிடம், காரில்தான் வருவேன் என்று சொல்லியனுப்பினேன். அவர் நேரில் வந்து காரைச் சுற்றிப் பார்த்தார்.

"மாப்ள, நாயனக்காரரு வாசிச்சுக்கிட்டே பைய நடப்பாரு. அவரு பின்னால இது வருமா?"

"வரும் மாமா."

"வழியில நின்னுட்டுன்னா அபசகுனம். பொண்ணக் குடுக்க நான் யோசிக்க வேண்டியிருக்கும், சொல்லிட்டேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பெண் பார்த்த நாளிலிருந்து எனக்குக் கோமதி நினைப்பாகவே இருந்தது. பல்லக்குக்கே ஒத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

எஞ்சினுக்குள் பிஸ்டனை ஏற்றி இறக்குகிற வளைந்த தண்டுக்குக் கிராங்க் என்று பெயர். அதன் வளைவு பெரிதானால் பிஸ்டன் இன்னும் உயரம் போய் இன்னும் ஆழம் இறங்கும். எஞ்சின் மெதுவாகச் சுற்றினாலும் இழுவை இருக்கும். அதே கம்பெனி எங்கள் காருக்கு அடுத்து விட்ட மாடலில் அப்படிப்பட்ட கிராங்க் உண்டு. அந்த மாடல் கார் ஒன்று ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு மிராசுதார் வீட்டில், வாய்க்காலில் விழுந்து எழுந்த பிறகு கோழிக்கூடாக இருந்தது. கோழிகளை விரட்டிவிட்டுக் கிராங்கைக் கழற்றிக்கொண்டு வந்தேன்.

மாட்டிப் பார்த்தால் பிஸ்டன் மேலே போய்ச் சிலிண்டரின் உச்சியில் முட்டியது. சிலிண்டருக்கு அடியில் இரும்புத் தகடு கொடுத்துத் தூக்க வேண்டும். தகடு செய்து வர நாளாகும் என்றார்கள். எனக்கா பொறுமை? எனக்குக் கல்யாணச் செருப்பு தைக்க அம்மா வாங்கி வைத்திருந்த கெட்டித் தோலை வளையமாக வெட்டி, அடுக்கி, அடியில் கொடுத்து முறுக்கிவிட்டேன். தெருவில் ஓட்டினேன். எருமை நடையில் போயிற்று, நிற்கவில்லை. சீமையில் பிறந்திருக்க வேண்டியவன் நான் என்று எனக்கே தோன்றியது.

தோல் சூட்டில் சுருங்கும் என்பது செருப்புப் போட்ட யாருக்கும் தெரியும். நானும் செருப்புப் போட்டவன்தான்.

மாப்பிள்ளை அழைப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. எஞ்சினைக் களைப்பாக்காமல் ஆழ்வார்குறிச்சி வரைக்கும் காரை மாடு கட்டி இழுத்து வந்திருந்தோம். ராகு காலம் பிறக்கும் முன்பே பிள்ளையார் கோயிலிலிருந்து கிளம்பி, நாயனத்தோடு ஊர்ந்து வந்து, ராகு காலம் கழிந்து விளக்கு வைத்த பிறகு பெண் வீட்டு வாசலில் இறங்க வேண்டும். தம்பி சங்கரன் ஓட்டினான். நான் பின்னால் மாலையும் தலைப்பாகையுமாக. முதல் தெரு வரைக்கும் ராஜ மரியாதைதான். அதற்குள் எஞ்சின் சூடேறி, தோல் சுருங்கி, பிஸ்டன் உச்சியில் முட்ட ஆரம்பித்தது. டொக் டொக் டொக் டொக்.

தவில்காரர் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, உள்ள யாரு வாசிக்கா?"

"எஞ்சின் அண்ணாச்சி," என்றான் சங்கரன்.

"நிறுத்தச் சொல்லும்."

"நிறுத்துனா மறுபடி கெளம்பாது அண்ணாச்சி."

அவருக்கு அது சவாலாகப் பட்டுவிட்டது. எஞ்சினை அமுக்கத் தவிலை வேகமாக அடித்தார். "கொறச்சா செத்துரும்ணே" என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சங்கரன் எஞ்சினை இன்னும் முடுக்கினான். அவர் இன்னும் வேகமாக அடித்தார். ராகத்தை இழுத்துக்கொண்டிருந்த நாயனக்காரர் வேறு வழியின்றி அவர்களோடு ஓடினார். ஊர்வலமே ஓடியது. சம்பந்தி வீட்டார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடியதை நான் காரில் உட்கார்ந்தபடி பார்த்தேன்.

பெண் வீட்டை அடைந்தபோது நல்ல வெயில். உச்ச ராகு காலம். மாமனார் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தார்.

"இப்ப எறங்கப்படாது."

இறங்கவும் கூடாது, நிற்கவும் முடியாது. சங்கரன் தெருவைச் சுற்ற ஆரம்பித்தான். முதல் சுற்றில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் பின்னால் ஓடி வந்தார்கள். அடுத்த சுற்றில் தட்டைக் கீழே வைத்துவிட்டார்கள். நான் ஒவ்வொரு முறையும் கும்பிட்டேன். பிறகு பதிலுக்குக் கும்பிட ஆளில்லை. மாடி ஜன்னலில் மட்டும் ஒருத்தி நின்றுகொண்டே இருந்தாள். அந்தப் பக்கம் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கல்யாணம் போயிற்று என்றே நினைத்தேன்.

ஒரு வழியாக விளக்கு வைத்தார்கள். வாசலுக்கு நேரே வரும்போது எஞ்சினுக்குள் 'படார்' என்றது. புகை எழும்பியது. கார் நின்றது. தவிலும் நின்றது.

மாமனார் புகையைக் கையால் விலக்கிவிட்டுக் காரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நம்ம வாசல்லதான நின்னிருக்கு. எறங்கும் மாப்ள."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். என் கண் கலங்கியதைப் புகை என்று நினைத்திருப்பார்.

எத்தனை சுற்று என்பதில் எனக்கும் கோமதிக்கும் இன்றுவரை வழக்கு. அவள் கணக்கு ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே போகிறது. நான் கடைக்குக் கிளம்பினாலும் கோர்ட்டுக்குக் கிளம்பினாலும் வாசலில் ஒரே கேள்விதான்: "நேர வாரீகளா, சுத்தி வாரீகளா?" பிள்ளைகளும் அதையே கேட்டார்கள், இப்போது பேரன்களும் கேட்கிறார்கள்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். பிழைப்பேன் என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. பிழைத்து, மகன் காரில் வீட்டு வாசலில் வந்து நின்றபோது கோமதி ஆரத்தித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். சுத்தி வந்தீகளா என்று கேலி செய்யவில்லை.

"ஏலே, நிறுத்தாத. ஒரு சுத்து விடு," என்றேன் மகனிடம்.

தெருவைச் சுற்றி வந்தோம். அவள் தட்டைக் கீழே வைக்காமல் நின்றிருந்தாள்.