பெட்டி படுக்கைக்கெல்லாம் பெயர் ஒட்டிய வகையில்

எல்லோரையும் அதட்டி, என்னை மட்டும் கொஞ்சம் கூடுதலாக அதட்டி வளர்த்த அக்காவின் சமூகத்துக்கு, தம்பி பணிவோடு எழுதுவது. வீட்டில் மற்ற எல்லோரும் நலம். என் நலம் பற்றிக் கீழே விவரமாக.

உன் முழங்கால் ஆபரேஷனுக்கு நாங்கள் இருவரும் வந்து ஒரு மாதம் கூடவே இருப்பதாகச் சொன்னோம் அல்லவா? வழியில் விமானம் மாறும் ஊரில் ஸ்பானிஷ் தவிர வேறு பேச்சு எடுபடாது என்றாய். நானோ சொந்த ஊர் பஸ் நிலையத்திலேயே தொலைந்துபோகிற ஆள். உன் தம்பி மனைவிதான் யோசனை சொன்னாள்: "பொருள் மேலயே ஸ்பானிஷ் பேரை எழுதி ஒட்டிடுங்க. பாக்கப் பாக்க மனசுல நிக்கும்." ஒட்டினேன். பெட்டி மேல் மலேத்தா, முதுகுப்பை மேல் மொச்சீலா, விமான இருக்கைக்குப் பதில் சாப்பாட்டு நாற்காலியில் ஆசியெந்தோ. அவளுக்கு இரண்டே நாளில் மனப்பாடம். எனக்குப் பாடம் ஏறுவதற்குள் மின்விசிறிக் காற்றில் சீட்டெல்லாம் பறந்துவிட, எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தையல்காரர் உதவுகிறேன் பேர்வழி என்று கைக்கு எட்டிய இடத்தில் ஒட்டிவைக்க, நான் அதையே நம்பிப் பத்து நாள் உருப்போட்டேன். மகள் பரீட்சை வைத்தாள். "அப்பா, மலேத்தாவ எடுத்துட்டு வாங்க." நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனேன். "இதுலயா துணிய அடுக்கப் போறீங்க?" என்றாள். நான் தையல்காரரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

ரோஷம் வந்துவிட்டது அக்கா. செருப்புக்குப் போடும் பசையை வாங்கி வந்து எல்லாவற்றையும் திரும்ப ஒட்டினேன். ஒட்டுகிற ஜோரில், கண்ணாடிகூடப் போடாமல், பீரோவிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து உள்ளே இருந்த படத்தின் மேல் ஃபோத்தோ என்று ஒட்டித் தொலைத்தேன். பிய்த்தால் சீட்டோடு முகமும் வந்துவிட்டது. நெற்றிக்கு மேலே மட்டும் பாக்கி. புதுசு கிடைக்க இரண்டு மாதம் ஆகுமாம். ஆபரேஷனோ வருகிற இருபதாம் தேதி. ஆகவே நான் வர வழியில்லை. உன் தம்பி மனைவி மட்டும் வருவாள். மொழி தெரிந்தவள், உன்னைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வாள். என்னைத் திட்டுவதை நீ எழுந்து நடந்த பிறகு வைத்துக்கொள்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. மாமனைப் போல் ஆகாதிருக்க இன்னொரு ஆசி.

உன் அசட்டுத் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அவள் அந்த பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தாள். "இவ்வளவு முடி உங்களுக்கு எந்தக் காலத்துலங்க இருந்துச்சு?" என்றாள். போனது அவள் முகம். என்னுடையது பீரோவில் பத்திரமாக இருக்கிறது. எனவே மேலே எழுதியது ரத்து. வருவது நான் மட்டும். விமானம் மாறும் இடம்வரை நீ வந்து என்னை அழைத்துப் போக முடியுமா? முழங்கால் வலித்தால் அவசரமில்லை, மெதுவாக வந்தால் போதும்.