லேமினேட் செய்த அசதி

இனி இந்த வீட்டில் யாரும் என்னைச் சோம்பேறி என்று சொல்லக்கூடாது. டாக்டரே சொல்லிவிட்டார். எனக்கு டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் குறைவாம். இரண்டு தடவை காலையில் ரத்தம் எடுத்துப் பார்த்தும் அதே கதைதான். என் அசதிக்கும் தூக்கத்துக்கும் அதுதான் காரணமாம். மனுஷர் வயிற்றில் பாலை வார்த்தார்.

நான் ஜெராக்ஸ் கடைக்காரன். ரிப்போர்ட்டை அன்றைக்கே லேமினேட் செய்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

"பரண்ல இருக்கறதை இறக்கணும், வாங்க," என்றாள் மனைவி.

ஃப்ரிட்ஜைக் காட்டினேன்.

"குழாய் ஒழுகுதுங்க."

மறுபடியும் ஃப்ரிட்ஜ்.

"ஒருநாள் அதைக் கிழிச்சுப் போடப்போறேன்."

"முடியாது. லேமினேஷன். தண்ணி பட்டாலும் போகாது, அழிச்சாலும் அழியாது." பதினைந்து வருஷமாகக் கடைக்கு வருகிறவர்களிடம் நான் விடும் வசனம் இது.

அவள் அந்த லேமினேஷனை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். டாக்டர் மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி என்றார். நாள் தவறாமல் என்னை இழுத்துக்கொண்டு போனவள் அவள்தான்.

"குணமாகற வரைக்கும் நீங்க ஒரு துரும்பைக்கூட நகர்த்த வேணாம்."

மூன்று மாதம், சோபாவும் நானும். ஆனால் பாழாய்ப்போன ஊசி வேலை செய்துவிட்டது. அலாரம் அடிக்கும் முன்பே விழிப்பு வந்து தொலைகிறது. சும்மா படுத்துக்கிடப்பதே பெரும்பாடாகிவிட்டது.

மறுபரிசோதனையன்று டாக்டரிடம் முனகினேன். "அசதி அப்படியேதான் இருக்கு டாக்டர்."

"யாரும் பார்க்கலேன்னா மாடிப்படியை ரெண்டு ரெண்டா தாண்டுறார் டாக்டர்," என்றாள் இவள்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். "அளவு சரியா வந்துடுச்சு. உடம்புக்கு நல்லா வேலை கொடுங்க," என்று தலையில் கல்லைப் போட்டார்.

பஸ்ஸில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து டாக்டரைத் திட்டிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் அவள் ஏதோ எழுதிக்கொண்டே வந்தாள். கடை வாசலில் இறங்கினோம். புது ரிப்போர்ட்டை நீட்டினாள்.

"இதையும் லேமினேட் பண்ணுங்க."

கடையைத் திறந்து மெஷினில் விட்டேன். அந்தப் பக்கம் குப்புற வந்து விழுந்தது. பின்பக்கம் முழுக்க அவள் கையெழுத்து. பரண், குழாய், ஒட்டடை, ஆடுகிற கட்டில் கால், கொடிக்கயிறு... மொத்தம் நாற்பத்தொரு வேலை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "சரி, ஒவ்வொண்ணா முடிக்க முடிக்க இதுல அழிச்சுட்டே வரலாம்ல?"

"எப்படிங்க? அழிச்சாலும் அழியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."